யாரிடம் கேட்டுப் பேசுவது?



பழைய மொன்றியலில் ஜாக் கார்ட்டியே சதுக்கத்திலிருந்து ஆற்றை நோக்கி இறங்கி நடந்தால், சிறிது நேர நடையிலேயே மூன்று எசமான்களின் நிலத்தில் கால் வைத்துவிடுவீர்கள். சதுக்கமும் அதன் கீழே ஓடும் கொம்யூன் வீதியும் மாநகரசபைக்குரியவை. வீதியைக் கடந்து பழைய துறைமுகத்தின் நடைபாதைக்கு வந்தால், அது மத்திய அரசின் கூட்டுத்தாபனம் ஒன்றின் நிலம். உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் அலெக்சாந்திரா துறைமேடை மொன்றியல் துறைமுக அதிகாரசபையின் பொறுப்பில் இருக்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் ஒரே கரைதான். ஆனால் அங்கே நின்று பாடவோ, பேசவோ, ஒரு கடதாசியை நீட்டவோ நினைத்தால், "யாரிடம் கேட்பது?" என்ற கேள்விக்கு இடத்துக்கு இடம் வேறு பதில் வரும்.

நத்தார் காலம் நெருங்கும்போது நம் வாலிபர்கள் நடுவில் இந்தக் கேள்வி எழுவது வழக்கம். துறைமுகப் பக்கம் போய்க் கரோல் பாடி, கைப்பிரதி கொடுத்தால் என்ன? அதற்கு அனுமதி வேண்டுமா? உடனே இன்னொருவர் சொல்வார்: "இது சுதந்திர நாடுதானே, ஏன் கேட்க வேண்டும்? அமெரிக்காவில் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்." வேறொருவர் சொல்வார்: "அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி வேதமே சொல்கிறதே, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்."

இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அமெரிக்காவிலும் கேட்கத்தான் சொன்னார்கள். அங்கேயும் இங்கேயும் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். இன்று நாம் கைப்பிரதியை நீட்டும்போது நமக்குப் பாதுகாப்பாக நிற்பது அவர்கள் பெற்ற தீர்ப்புகளே. அவர்கள் யார் என்று தெரிந்தால் நம்மில் பலருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

ஜோர்ஜியாவில் ஒரு சிறு பட்டணம்

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் 1791இல் வந்தது. பேச்சுச் சுதந்திரத்தையும் மத சுதந்திரத்தையும் பறிக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான கொங்கிரஸ் இயற்றக் கூடாது என்பது அதன் கருத்து. கவனியுங்கள்: அது கொங்கிரஸைப் பற்றித்தான் பேசியது. மாநிலங்களையும், நகரசபைகளையும், கிராமசபைகளையும் அது கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1925ஆம் ஆண்டளவில்தான் அந்தக் கதவு திறக்கத் தொடங்கியது.

இது ஏன் முக்கியம்? சாதாரண மனிதனின் வாயை அடைக்கும் கை அநேகமாகத் தலைநகரிலிருந்து வருவதில்லை. உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி, உள்ளூர் மேயர், உள்ளூர்ச் சபை எழுதிய ஒரு விதி என்று பக்கத்திலிருந்துதான் வருகிறது.

ஜோர்ஜியா மாநிலத்தில் கிரிஃபின் என்ற சிறு நகரம். அங்கே துண்டுப்பிரசுரம் எதையும் கொடுப்பதற்கு நகர நிர்வாகியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த அல்மா லவல் என்ற பெண் அனுமதி கேட்கவில்லை. கடவுள் அனுப்பிய வேலைக்கு மனிதனிடம் அனுமதி கேட்பது பாவம் என்பது அவருடைய நம்பிக்கை. 50 டொலர் அபராதம், கட்டாவிட்டால் 50 நாள் சிறை என்று தீர்ப்பானது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1938 மார்ச்சில் அந்த விதி செல்லாது என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. எந்த நேரம், எந்த இடம் என்று பாராமல், எல்லா எழுத்தையும் ஓர் அதிகாரியின் விருப்பத்துக்குக் கீழே வைத்ததுதான் அந்த விதியின் குற்றம்.

அடுத்த வருடமே நகரசபைகள் வேறொரு காரணத்துடன் வந்தன: துண்டுப்பிரசுரத்தால் வீதி குப்பையாகிறது. நீதிமன்றம் கொடுத்த பதில் எளியது. குப்பை போடுகிறவனைத் தண்டியுங்கள். கடதாசியைக் கையில் கொடுக்கிறவனைத் தண்டிக்காதீர்கள்.

இதே வழக்கு வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. ஒஹையோ மாநிலத்தின் ஸ்ட்ராட்டன் என்ற கிராமத்தில் முந்நூறு பேர்கூட இல்லை. வீடு வீடாகப் போய்ப் பேசுகிறவர் மேயர் அலுவலகத்தில் பெயர் பதிந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று அந்தச் சின்னக் கிராமம் விதி செய்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அதைத் தள்ளியது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் அரசாங்கத்திடம் பெயர் கொடுக்க வேண்டிய நிலை ஒரு சுதந்திர சமுதாயத்துக்கு ஒவ்வாது என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் எண்ணம்.

2015இல் வந்த வழக்கு நம்மைப் போன்ற சபைகளுக்கு இன்னும் நெருக்கமானது. அரிசோனா மாநிலத்தின் கில்பேர்ட் நகரில் சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சிறிய சபை. பாடசாலை போன்ற இடங்களில் கூடுவார்கள். இந்த வாரம் ஆராதனை எங்கே என்று வழிகாட்ட வீதியோரம் சிறு பலகை வைப்பார்கள். நகரசபையின் விதிப்படி தேர்தல் பலகை 32 சதுர அடி வரை இருக்கலாம். ஆராதனைக்கு வழி சொல்லும் பலகை 6 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. அதையும் ஆராதனைக்கு 12 மணி நேரத்துக்கு முன்தான் வைக்கலாம். முடிந்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் சபையின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்து, அதற்கேற்ப ஒருவருக்குப் பெரிய இடமும் ஒருவருக்குச் சின்ன இடமும் கொடுக்க நகரசபைக்கு உரிமை இல்லை. வேறொரு சபையின் கட்டடத்தில் பிற்பகல் ஆராதனை நடத்தும் தமிழ்ச் சபைகளுக்கு இந்தப் பலகைக் கதை நன்றாகவே விளங்கும்.

நம் மாகாணத்தின் கதை

இது அமெரிக்கக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். கியூபெக் நகரசபையில் 1933இல் ஒரு விதி வந்தது. பொலிஸ் தலைமை அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வீதியில் புத்தகமோ, பிரசுரமோ, கைப்பிரதியோ கொடுக்கக் கூடாது. அந்த அதிகாரி எதைப் பார்த்து அனுமதி கொடுப்பார், எதைப் பார்த்து மறுப்பார் என்று விதியில் ஒரு வரியும் இல்லை. அவர் வாசித்துப் பார்த்து, பிடித்தால் விடுவார்.

1940களில் யெகோவாவின் சாட்சிகள் கியூபெக் எங்கும் பிரசுரம் கொடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையையும் அரசாங்கத்தையும் கடுமையாகத் தாக்கும் பிரசுரங்களும் அவற்றில் இருந்தன. மக்களுக்குக் கோபம் வந்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மொன்றியலில் அவர்கள் மீது வந்த குற்றச்சாட்டு பெரும்பாலும் இதுதான்: உத்தரவுப்பத்திரம் இல்லாமல் வீதியில் பிரசுரம் விற்றார்கள் அல்லது கொடுத்தார்கள். சமயத்துக்காகப் பிடித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. நகரசபை விதியை மீறியதாகத்தான் எழுதப்பட்டது.

இந்த இடத்தில் ஃபிராங்க் ரொன்கரெல்லி என்ற மனிதரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மொன்றியலின் கிரெசென்ற் வீதியில் உணவகம் நடத்தியவர். அவரும் அதே சமூகத்தைச் சேர்ந்தவர். கைதானவர்களில் ஏறக்குறைய 380 பேருக்குப் பிணை நின்றார். பிணை நிற்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. ஆனால் 1946 டிசெம்பர் 4ஆம் திகதி அவருடைய உணவகத்தின் மதுபான உரிமம் இரத்துச் செய்யப்பட்டது. உத்தரவின் பின்னால் நின்றவர் மாகாண முதல்வர் மொறிஸ் டியூப்ளெசி. சில மாதங்களில் உணவகம் மூடப்பட்டது.

ரொன்கரெல்லி வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடிய சட்டத்தரணிகளில் ஒருவர் மக்கில் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்கொட். ஸ்கொட் ஓர் அங்கிலிக்கன் குருவானவரின் மகன். யெகோவாவின் சாட்சிகளின் உபதேசத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆனாலும் வழக்கை எடுத்தார். 1959 ஜனவரியில், உரிமம் பறிக்கப்பட்டு 12 வருடங்களுக்குப் பிறகு, கனேடிய உச்ச நீதிமன்றம் டியூப்ளெசி தம் சொந்தப் பொறுப்பில் 33,123 டொலர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓர் உரிமத்தைக் கொடுக்கும் அதிகாரம், பிடிக்காதவரைத் தண்டிக்கும் அதிகாரமாக மாறக் கூடாது என்ற பாடம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கனடாவில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

கியூபெக் நகரத்தின் விதியை எதிர்த்து வழக்காடியவர் லோரியே சோமூர். 1953 ஒக்ரோபரில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அப்போது உரிமைகள் சுதந்திரங்கள் சாசனம் கிடையாது. அது 1982இல்தான் வந்தது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் தீர்ப்பு வேறாகியிருக்கும்.

அந்த நாட்களில் நம் பக்கத்தாரும் அதே சிறைக்குள் போனார்கள். 1950ஆம் ஆண்டளவில் கியூபெக்கின் வடமேற்குப் பட்டணங்களில் வீதியில் நின்று பிரசங்கித்த பப்டிஸ்ட் ஊழியர்கள் உள்ளூர் விதிகளின் பெயரால் சிறையில் அடைக்கப்பட்டார்கள். புரொட்டஸ்தாந்துக்காரனுக்கு ஒரு விதி, யெகோவாவின் சாட்சிக்கு ஒரு விதி என்று பொலிஸ்காரன் பிரித்துப் பார்க்கவில்லை. அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

அவர்கள் கதவைத் தட்டும்போது நாம் திரை விலக்கிப் பார்த்துவிட்டு உள்ளே ஒளிந்துகொள்கிறோம். அவர்களுடைய உபதேசத்தை நாம் ஏற்பதில்லை, ஏற்கவும் வேண்டாம். ஆனால் நாம் கைப்பிரதி கொடுக்கும் உரிமைக்காக அபராதம் கட்டியவர்களும் சிறையிலிருந்தவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான் என்பதை மறக்கவும் வேண்டாம்.

எல்லா அனுமதியும் தவறா?

இல்லை. நான் தாதியாக வேலை செய்கிறவள். விதி இல்லாத விடுதியில் நோயாளி தூங்க முடியாது. என் பொறுப்பிலுள்ள விடுதியில், "எட்டு மணிக்குப் பிறகு பார்வையாளர் வேண்டாம், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், சத்தம் வேண்டாம்" என்று சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. அதைப் போதகருக்கும் சொல்வேன், இமாமுக்கும் சொல்வேன், கடவுள் இல்லை என்கிறவருக்கும் சொல்வேன். ஆனால், "நோயாளியிடம் என்ன பேசப்போகிறீர்கள்? முதலில் எனக்குச் சொல்லுங்கள், பிடித்தால் உள்ளே விடுகிறேன்" என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. முதலாவது பராமரிப்பு. இரண்டாவது என் தொழிலைப் பயன்படுத்தி இன்னொருவரின் வாயை அடைப்பது.

நகரசபை விதிகளையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். எங்கே, எப்போது, எவ்வளவு சத்தமாக, எத்தனை பேர் என்று கேட்கும் விதி ஒரு வகை. என்ன சொல்லப்போகிறாய், நீ யார், உன் கருத்து எங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்கும் விதி இன்னொரு வகை. மூன்றாவது ஒரு கேள்வியும் உண்டு: மறுக்கும் அதிகாரி காரணம் சொல்ல வேண்டுமா, மறுத்தால் நாம் வேறு எங்காவது முறையிட முடியுமா?

முதல் வகை விதியை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. மொன்றியலின் செயின்ற் கத்தரின் வீதியில் ஓர் இரவு விடுதி, உள்ளே நடக்கும் நிகழ்ச்சியின் சத்தத்தை ஒலிபெருக்கி வைத்து வீதிக்கு விட்டது. சத்த விதிப்படி மாநகரசபை வழக்குத் தொடுத்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அந்தச் சத்தமும் ஒருவகைப் பேச்சுத்தான், ஆனால் ஊரின் அமைதிக்காக அதற்கு எல்லை வைப்பது நியாயம். இதே விதி நம் கரோல் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும். மேல்மாடியில் இரவு வேலை முடித்துத் தூங்குகிற ஒரு தாதி இருக்கக்கூடும்.

கடினமான இடமும் உண்டு. 2021 செப்ரெம்பரில், தடுப்பூசிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்கள் வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் முன்னால் நடந்த நாட்களில், அந்த இடங்களைச் சுற்றி 50 மீற்றருக்குள் அத்தகைய ஆர்ப்பாட்டம் கூடாது என்று கியூபெக் ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றியது. தாதி என்ற முறையில் எனக்கு அது ஆறுதல். மூச்சுத்திணறலோடு வருகிறவர் கூட்டத்தைத் தாண்டி வரக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு குறிப்பிட்ட கருத்துக்காரரைக் குறிவைத்தது என்பதும் உண்மை. அதனால்தான் அது சிறிய இடத்துக்கும் குறுகிய காலத்துக்கும் மட்டுமே இருந்திருக்க வேண்டும். என் வசதிக்காக வந்த விதி என்பதால் அதைச் சோதித்துப் பார்க்காமல் விட எனக்கு உரிமை இல்லை.

நம் காலத்தில், நம் நகரில்

2012 மாணவர் போராட்டத்தை உங்கள் அண்ணன்மார், அக்காமார் நினைவில் வைத்திருப்பார்கள். இரவு தோறும் சட்டி பானை தட்டிக்கொண்டு ஊர்வலம் போன வருடம் அது. அந்த மே மாதத்தில் மொன்றியல் மாநகரசபை பீ-6 என்ற விதியைக் கடுமையாக்கியது. ஊர்வலம் போகும் பாதையைப் பொலிஸாருக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நியாயமான காரணமின்றி முகத்தை மூடக் கூடாது. அடுத்தடுத்த வருடங்களில் ஏராளமானோருக்கு அபராதச் சீட்டு எழுதப்பட்டது. 2018இல் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாதை விதி செல்லாது என்றது. 2019இல் மாநகரசபை பீ-6ஐக் கைவிட்டது. சபை தானே எழுதிய விதியைத் தானே எடுத்துவிட ஏழு வருடம் பிடித்தது.

2025 கோடையில் வந்த விவகாரம் சபைகளுக்குள்ளேயே விவாதமானது. ஷோன் ஃபொய்ட் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் கனடாவில் பல இடங்களில் ஆராதனை நிகழ்ச்சி நடத்த வந்தார். டிரம்ப்பின் ஆதரவாளர்; கருக்கலைப்பு, பாலின விடயங்களில் கடுமையாகப் பேசுகிறவர். எதிர்ப்பு எழவே, பல ஊர்களில் அவருக்குக் கொடுத்த இடங்களை அதிகாரிகள் திரும்பப் பெற்றார்கள். மொன்றியலில் ஸ்பானிய மொழிச் சபையான மினிஸ்தேரியோஸ் ரெஸ்தவுராசியோன் தன் ஆலயத்தில் இடம் கொடுத்தது. மாநகரசபை, அனுமதி பெறவில்லை என்றது. அந்த நிகழ்ச்சி நகரத்தின் விழுமியங்களுக்கு எதிரானது என்றும் சொன்னது. ஜூலை 25ஆம் திகதி நிகழ்ச்சி நடந்தது. ஆலயத்துக்குள் ஒரு புகைக்குண்டு வெடித்தது. சபைக்கு 2,500 டொலர் அபராதம் அறிவிக்கப்பட்டது.

அந்தப் பாடகரின் அரசியல் எனக்குப் பிடிக்குமா என்பது இங்கே கேள்வி இல்லை. அவருடைய பேச்சால் காயப்பட்டவர்கள் வீதியில் நின்று எதிர்த்ததும் அவர்களுடைய உரிமை. புகைக்குண்டு யாருடைய உரிமையும் இல்லை. மாநகரசபையைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அனுமதி இல்லாமல் நடக்கும் எல்லா நிகழ்ச்சிக்கும் இதே அபராதமா? அப்படியென்றால் அது முதல் வகை விதி, அபராதத்தைக் கட்டுவோம். உள்ளே என்ன பாடுகிறார்கள், யார் பாடுகிறார் என்று பார்த்துத்தான் சீட்டு எழுதப்பட்டதா? அப்படியென்றால் அது பொலிஸ் அதிகாரி பிரசுரத்தை வாசித்துப் பார்த்த 1933ஆம் ஆண்டு விதியின் பேரப்பிள்ளை. அனுமதியும் விழுமியமும் ஒரே வாயிலிருந்து ஒன்றாக வந்தபோது, எது உண்மைக் காரணம் என்று கேட்க நமக்கு உரிமை வந்துவிடுகிறது.

அதே வருடம் நவம்பரில் கியூபெக் அரசு மத சார்பின்மையை வலுப்படுத்தும் 9ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. பூங்கா, வீதி போன்ற பொது இடங்களில் கூட்டாகச் செய்யும் சமய வழிபாட்டைத் தடைசெய்து, விதிவிலக்காக அனுமதிக்கும் பொறுப்பை உள்ளூர்ச் சபைகளிடம் கொடுப்பது அதன் ஓர் அம்சம். நோதர்தாம் பேராலயத்தின் முன்னால் முஸ்லிம்கள் தொழுததுதான் பலருக்கு எரிச்சலைக் கிளப்பியது. அதனால் நம்மில் சிலர் மனதுக்குள், "நல்லதுதானே" என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பொது இடத்து வழிபாட்டைத் தடைசெய்வதற்கு எதிராக அரசு இதை அறிவித்த நாட்களிலேயே பகிரங்கமாகக் குரல் கொடுத்தவர்களில் மொன்றியல் கத்தோலிக்கப் பேராயர் கிறிஸ்தியான் லெப்பினும் ஒருவர். காரணம் விளங்குகிறதல்லவா? தொழுகை விரிப்பை எடுக்கச் சொல்லும் விதி, பெரிய வெள்ளி சிலுவைப் பாதையையும் நம் கரோல் பவனியையும் அதே வாக்கியத்தில் பிடித்துக்கொள்ளும்.

இங்கே அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தையும் தெரிந்து வைத்திருங்கள். நம் சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்தி, ஒரு மாகாணம் சில அடிப்படை உரிமைகளை ஐந்து ஐந்து வருடமாக ஒதுக்கிவைத்துச் சட்டம் இயற்றலாம். 2019இல் வந்த 21ஆம் இலக்கச் சட்டம் அப்படி வந்ததுதான். ஆகவே, "நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்" என்று கைகட்டி இருக்க நமக்கு வழியில்லை. சட்டம் எழுதப்படும்போதே பேச வேண்டும்.

பிலிப்பியும் எபேசுவும்

வேதத்தில் உள்ளூராட்சி இல்லை என்று யார் சொன்னது? அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள், கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்து, விசாரணையின்றிப் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் போகவில்லை. தாங்கள் ரோமக் குடியுரிமை உள்ளவர்கள் என்று சொல்லி, அந்த அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துவிட வேண்டும் என்றார். அடியை மன்னித்த மனிதர் ஏன் இந்தப் பிடிவாதம் பிடித்தார்? அவர் போன பிறகும் லீதியாளின் வீட்டில் ஒரு சின்னச் சபை அந்த ஊரில் வாழவேண்டியிருந்தது. நாளைக்கு அவர்கள் மீது கை வைக்குமுன் அதிகாரிகள் இரண்டு முறை யோசிக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.

19ஆம் அதிகாரத்தில் எபேசுவின் சம்பிரதி இதற்கு நேர் எதிரான ஆள். அவன் விசுவாசி அல்ல. தியானாளின் கோவில் தன் ஊருக்குப் பெருமை என்று நம்புகிறவன். ஆனாலும் இரண்டு மணி நேரம் கூச்சலிட்ட கூட்டத்தை அமர்த்தி, குறை இருந்தால் நியாயஸ்தலம் இருக்கிறது, அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டான். பவுலின் தோழர்கள் உயிரோடு வீடு போனது அந்த நகரசபை அலுவலரால். நல்ல உள்ளூராட்சி எப்படியிருக்கும் என்பதற்கு அவன் ஒரு மாதிரி.

நமக்கு ஏன் இது?

உங்கள் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். 1983 ஓகஸ்டில் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆறாம் திருத்தத்தால், தனிநாடு என்று அமைதியாக வாதாடுவதுகூடத் தண்டனைக்குரிய குற்றமானது. எந்தச் சொல் எந்தப் பக்கத்துக்குக் கோபம் மூட்டும் என்று அளந்து பேசிப் பழகிய தலைமுறை அது. இங்கே வந்த பிறகும் பலர் வீதியில் நின்று பேசத் தயங்குவதற்குக் காரணம் உண்டு.

2009 மே 10ஆம் திகதி ரொறன்ரோவில் நம் மக்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலையை மறித்தது சரியா, பிழையா என்று நம் வீடுகளிலேயே இன்றும் வாதம் உண்டு. ஆனால் அந்த வாரங்களில் இந்த நாட்டில் பலருக்குப் பிடிக்காத குரல் நம்முடையது. பிடிக்காத குரலுக்கும் இடம் உண்டு என்ற கொள்கை எவ்வளவு பெறுமதியானது என்று நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாகுவனே நகரின் மேயர் நகரசபைக் கூட்டங்களை ஜெபத்தோடு தொடங்கினார். கடவுளை நம்பாத ஒருவர் வழக்குப் போட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கம் கூடாது என்றது. நம்மில் சிலருக்கு அது வருத்தம். ஆனால் யோசியுங்கள்: எந்த ஜெபம் சரி என்று தெரிவுசெய்யும் அதிகாரத்தை மேயருக்குக் கொடுத்தால், அடுத்த மேயர் வேறொன்றைத் தெரிவுசெய்வார். மேயர் தம் வீட்டிலும் ஆலயத்திலும் வீதியிலும் ஜெபிக்கட்டும். அரசாங்கத்தின் நாற்காலி யாருடைய ஜெபத்துக்கும் ஒலிபெருக்கியாக வேண்டாம்.

ஆகவே துறைமுகத்தில் கரோல் பாட விரும்புகிற தம்பி, தங்கைகளுக்கு என் ஆலோசனை இதுதான். முதலில், எந்த நிலம் யாருடையது என்று பாருங்கள். மாநகரசபையின் வீதி என்றால் 311ஐ அழைத்து, எந்தப் பிரிவுச் சபையிடம் கேட்பது என்று விசாரியுங்கள். பழைய துறைமுகத்தின் நடைபாதை என்றால் அதன் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். நேரம், இடம், சத்தம் பற்றி அவர்கள் சொல்வதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். கீழே விழுந்த கைப்பிரதியைப் பொறுக்கி எடுங்கள். வேண்டாம் என்று தலையசைப்பவரின் பின்னால் ஓடாதீர்கள். கேட்க மறுப்பதும் ஒரு சுதந்திரம். பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மறுத்தவரிடம் கோபப்படாதீர்கள், மேலே முறையிடுங்கள்.

பிறகு இன்னொன்று செய்யுங்கள். மொன்றியலின் 19 பிரிவுச் சபைகளும் பொதுமக்களுக்காகக் கேள்வி நேரம் வைத்திருக்கின்றன. உங்கள் பிரிவின் கூட்டத்துக்கு ஒரு மாலை இரண்டு, மூன்று பேராகப் போய் உட்காருங்கள். பூங்காவில் தொழ அனுமதி கேட்ட முஸ்லிம் வாலிபர்களுக்கோ, பேரணிக்கு அனுமதி கேட்ட ஒரு சங்கத்துக்கோ மறுப்பு வந்திருந்தால், ஏன் என்று நீங்களும் சேர்ந்து கேளுங்கள். நமக்கு மறுப்பு வரும் நாளில் கேட்கத் தொடங்கினால் நம் குரல் தனியாகத்தான் இருக்கும்.

நாம் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி, சிறையிருப்பில் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பினார். அந்தச் சமாதானம் எல்லாரும் வாய்மூடி இருக்கும் அமைதியாக இருக்க முடியாது. பேசுகிறவர்கள் பேச, கேட்கிறவர்கள் கேட்க, மறுக்கிறவர்கள் மறுத்துவிட்டுப் பத்திரமாக வீடு போகும் சமாதானமாக அது இருக்கட்டும்.

வாலிபர் கூட்டத்தில் கலந்துரையாட

1. நீங்கள் அறவே வெறுக்கும் ஒரு கருத்தை, உங்கள் ஆலயத்துக்கு எதிரேயுள்ள பூங்காவில் ஒருவர் பேச அனுமதி கேட்கிறார். நீங்கள்தான் பிரிவுச் சபை உறுப்பினர். என்னென்ன நிபந்தனை போடுவீர்கள்? அதே நிபந்தனையோடு உங்கள் கரோல் நிகழ்ச்சியை நடத்துவீர்களா?

2. பிலிப்பியில் பவுல் இரகசியமாகப் போயிருந்தால் லீதியாளின் சபைக்கு என்ன நேர்ந்திருக்கலாம்?

3. ஃபிராங்க் ஸ்கொட் தமக்கு உடன்பாடில்லாத ஒரு சமூகத்தாருக்காக வாதாடினார். இன்று மொன்றியலில் நம் சபை யாருக்காக அப்படி நிற்க வேண்டும்?